போருக்குக் கை கொடுக்காதவர்கள்

2024 மே மாத நடுவில் ஸ்பெயினின் கார்த்தஹேனா துறைமுகத்துக்குள் வர அனுமதி கேட்டது ஒரு சரக்குக் கப்பல். டென்மார்க் கொடி பறந்த அந்தக் கப்பலின் பெயர் மரியான் டானிகா. அதில் இருந்தது சுமார் 27 டன் வெடிபொருள். போய்ச்சேர வேண்டிய இடம் இஸ்ரேலின் ஹைஃபா. புறப்பட்ட இடம் சென்னை. அனுமதி தர முடியாது என்று ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டுபோகும் எந்தக் கப்பலுக்கும் இனி இதே பதில்தான் என்றும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். காஸாவில் நடப்பது எங்கோ, யாருக்கோ, நம்மோடு ஒட்டாமல் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த சென்னைவாசிக்கு இந்த ஒரு கப்பலின் பயணப் பாதையே போதுமான பதில். நம் ஊர்க் கைகள் ஏற்றிவிட்ட சரக்கை ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாடு தன் கரையில் சேர்க்க மாட்டேன் என்றது. அந்த மறுப்பு ஏன் இங்கேயே எழவில்லை, எழ வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

போர் எதிர்ப்பு என்றதும் நம் மனத்தில் எழும் காட்சிகள் பழகிப்போனவை. மெரினாவில் மெழுகுவத்தி, வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், சேப்பாக்கத்தில் உண்ணாவிரதப் பந்தல், கையெழுத்து இயக்கம். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. பத்துப் பேர் வீதிக்கு வராத ஊரில் பதினோராவது மனிதருக்கு வாய் திறக்கும் துணிவு வராது. ஆனால் இவை எல்லாம் போரை நடத்துபவரின் மனச்சாட்சியை நோக்கிப் பேசுகின்றன. அது திறந்தால் உண்டு, திறக்காவிட்டால் இல்லை. அகிம்சைப் போராட்டத்தின் இன்னொரு பாதி வேறு வகையானது. 1920இல் காந்தி தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் ஆங்கிலேயரின் மனம் மாறும் என்ற நம்பிக்கையில் மட்டும் நிற்கவில்லை. நீதிமன்றம், கல்லூரி, அரசு வேலை, அந்நியத் துணி என்று ஆட்சி எந்தெந்தக் கைகளால் நடக்கிறதோ அந்தக் கைகளைப் பின்னுக்கு இழுக்கும் முயற்சி அது. போருக்கும் ஆக்கிரமிப்புக்கும் இது இன்னும் பொருந்தும். எந்தப் போரும் தளபதிகளால் மட்டும் நடப்பதில்லை. சரக்கு ஏற்றுபவர், கணக்கு எழுதுபவர், பாலம் கட்டுபவர், கணிப்பொறி நிரல் எழுதுபவர் எல்லோரும் சேர்ந்துதான் அதை நடத்துகிறார்கள். ஆகவே போரை அகிம்சையால் எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் போருக்கு யாருடைய உழைப்பு தேவைப்படுகிறது என்பது. அந்த உழைப்பில் ஒரு பங்கு இன்று ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சென்னைத் தரமணி போன்ற இடங்களில் இருக்கிறது என்பது என் வாதம்.

இதைச் சொன்னவுடன் தமிழர்களிடமிருந்து வரும் முதல் எதிர்ப்பு எனக்குத் தெரியும். இலங்கையில் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டதே, என்ன கிடைத்தது? நியாயமான கேள்வி. 1956 ஜூன் 5 அன்று சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துக் கொழும்பு காலி முகத்திடலில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல்கள் அடித்துத் துரத்தின. 1961 பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணம் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் அதைவிடப் பெரியது. தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தின் தலைமையில் அது மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவி, வடக்கிலும் கிழக்கிலும் அரசு நிர்வாகத்தை ஏறக்குறைய இரண்டு மாதம் முடக்கிப்போட்டது. ஏப்ரல் 14 அன்று தமிழரசுத் தபால் சேவை என்று தனி அஞ்சலே தொடங்கி, தபால் தலை அச்சிட்டு விற்றார்கள். சில நாட்களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அவசரநிலையைப் பிறப்பித்தது, ராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குப் போனார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1988இல் மட்டக்களப்பு மாமாங்கம் பிள்ளையார் கோயிலில் பத்துப் பிள்ளைகளின் தாயான பூபதி அம்மாள், இந்திய அமைதிப்படை போரை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்று கேட்டு மார்ச் 19 முதல் உணவை மறுத்தார். ஏப்ரல் 19 அன்று உயிர் பிரிந்தது. இந்த வரிசையைப் படிப்பவருக்கு அகிம்சை ஓர் அழகான தோல்வி என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தோற்றது எது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். 1961இல் யாழ்ப்பாணம் கச்சேரி மூடிக் கிடந்ததால் கொழும்பின் கருவூலத்துக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. அன்றைய இலங்கையின் வருமானம் மலையகத் தேயிலையில் இருந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே பறித்துவிட்டிருந்தது. அப்போது அதற்கு எதிராக வடக்கின் தமிழ்த் தலைமை ஒரே குரலில் நிற்கவும் இல்லை. அரசுக்கு எந்த உழைப்பு இல்லாமல் முடியாதோ அந்த உழைப்பு போராட்டத்துக்கு வெளியே இருந்தது. போராட்டத்துக்குள் இருந்த உழைப்பு அரசுக்குத் தேவைப்படவில்லை. பூபதி அம்மாளின் தியாகத்துக்கு முன் தலை வணங்கிக்கொண்டே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்திய ராணுவத்துக்கு அவரிடமிருந்து வேண்டியது எதுவும் இல்லை. அது எதையாவது எதிர்பார்த்திருந்தது என்றால் இந்தியாவிலிருந்துதான், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்துதான். 1990 மார்ச்சில் அந்தப் படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வரவேற்கப் போக மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி மறுத்தார். அந்த மறுப்பு இரண்டு ஆண்டு முன்னதாக, அரசியல் கட்சிகளைத் தாண்டித் தமிழ்நாட்டில் பரவியிருந்தால் மாமாங்கத்தில் அந்தத் தாய் தனியாகக் கிடந்திருக்க மாட்டார்.

நார்வேயைச் சேர்ந்த அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் இந்தச் சிக்கலை 1980களின் இறுதியில் பாலஸ்தீனத்தை வைத்து ஆராய்ந்தார். ஒடுக்குபவருக்கு ஒடுக்கப்படுபவரின் உழைப்பு தேவை என்றால் ஒத்துழையாமை நேராக வேலை செய்யும். தேவையே இல்லை, அவர்கள் அங்கிருந்து போய்விட்டால் போதும் என்பதுதான் ஒடுக்குபவரின் எண்ணம் என்றால், நேரடி மறுப்பு காற்றில் வீசிய கையாகிவிடும். அப்போது வேண்டியது ஒரு சங்கிலி என்கிறார் அவர். பாதிக்கப்பட்டவருக்கு நெருக்கமானவர், அவருக்கு நெருக்கமான இன்னொருவர் என்று கண்ணி கண்ணியாகப் போய், ஒடுக்குபவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் மனிதர்களின் மறுப்பில் அது முடிய வேண்டும். இந்தச் சட்டகத்தை வைத்துப் பார்த்தால் பல வரலாறுகள் புரிகின்றன. ஹிட்லரிடம் அகிம்சை செல்லுமா என்பது வழக்கமான கேள்வி. 1942இல் நார்வேயின் நாஜி ஆதரவு ஆட்சித் தலைவர் க்விஸ்லிங், ஆசிரியர்கள் அனைவரும் தன் புதிய சங்கத்தில் சேர வேண்டும் என்று ஆணையிட்டார். பெரும்பான்மையானவர்கள் ஒரே வாசகத்தில் மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்; நூற்றுக்கணக்கானவர்கள் வடகோடியில் இருக்கும் கிர்கெனெஸ் முகாமில் கட்டாய வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். அப்படியும் அவர்கள் பணியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டு ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள். க்விஸ்லிங்குக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டியிருந்தன. ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை. அதே நாஜி ஆட்சியிடம் போலந்தின் யூதர்களுக்கு இந்த வகைப் பிடி எதுவும் இருக்கவில்லை. எதிரி நல்லவரா கெட்டவரா என்பதைவிட, எதிரிக்கு யார் தேவை என்பதே இந்த இரண்டையும் பிரிக்கிறது.

போர் முடிந்த இலங்கையிலும் இதன் சுவடு தெரிகிறது. 2017 ஜனவரி 31 அன்று முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில், பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் நிலத்தைப் பிடித்து வைத்திருந்த விமானப்படை முகாமின் எதிரே சாலையோரத்தில் அமர்ந்தார்கள். முன்னணியில் இருந்தவர்கள் பெண்கள். இரவும் பகலும் குழந்தைகளோடு அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கினார்கள். ஒரு மாதத்தில் அந்தத் துண்டு நிலம் திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று, 1992இல் இரணைதீவை விட்டு வெளியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள் படகுகளில் ஏறிக் கடற்படையின் பிடியில் இருந்த தீவுக்கே போய் இறங்கிவிட்டன. ஓராண்டாகக் கரையில் மனுக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த மாதமே அவர்கள் அங்கே குடியிருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. இந்தப் பெண்களின் மனவுறுதிக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். ஆனாலும் 1961இல் வராத ராணுவப் பின்வாங்கல் 2017இல் ஏன் வந்தது? அன்றைய இலங்கை அரசு 2015 அக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கியிருந்தது. ஆடை ஏற்றுமதிக்கான ஐரோப்பிய வரிச்சலுகை 2017 மே மாதம்தான் அதற்குத் திரும்பக் கிடைத்தது. கொழும்புக்குத் தேவைப்பட்ட கைகள் பிரசெல்ஸில் இருந்தன. கேப்பாப்புலவில் அமர்ந்தவர்களின் படம் அந்தக் கைகளை எட்டும் தூரத்தில் இருந்தது. சங்கிலி நீளமாக இருந்தாலும் அறுந்திருக்கவில்லை.

பாலஸ்தீனத்தில் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி இந்தியாவிலேயே இருக்கிறது என்பது நம்மில் பலர் கவனிக்காத உண்மை. 1989இல் பெத்லகேமுக்குப் பக்கத்தில் இருக்கும் பெய்த் சஹூர் என்ற சிறு நகரம், எங்களை ஆக்கிரமித்திருக்கும் ராணுவத்துக்கு வரி கட்ட மாட்டோம் என்று முடிவு செய்தது. இஸ்ரேலிய ராணுவம் ஊரை வாரக்கணக்கில் முற்றுகையிட்டது. வீடு வீடாகப் புகுந்து தொலைக்காட்சி, குளிர்பெட்டி, கடைச் சரக்கு என்று வரிக்கு ஈடாக அள்ளிப்போனது. ஊர் பணியவில்லை. ஆனால் அந்த வரி இல்லாமல் ஆக்கிரமிப்பு நின்றுபோகும் நிலையும் இருக்கவில்லை. இருந்த ஒரே பெரிய பிடி உழைப்பு. இஸ்ரேலின் கட்டுமானத் தொழில் பல பத்தாண்டுகளாகப் பாலஸ்தீனத் தொழிலாளரை நம்பியிருந்தது. 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை அனுமதியை இஸ்ரேல் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப எங்கே ஆள் எடுத்தார்கள்? ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும். 42,000 இந்தியத் தொழிலாளரை அனுப்ப இரு அரசுகளும் 2023 மே மாதமே உடன்பாடு செய்திருந்தன. மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் ஊரில் வேலை இல்லாத கொத்தனார் போரின் நடுவே போய்ச் செங்கல் அடுக்கத் தயாராக இருந்தார். அந்தக் கொத்தனாரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மக்களின் கடைசிப் பிடியும் தளர்ந்ததில் நம் நாட்டின் வறுமைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தாக்குதலில் ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்றது, நூற்றுக்கணக்கானவர்களைப் பிணையாகக் கொண்டுபோனது. அதை மறைத்துப் பேசும் போர் எதிர்ப்புக்கு அகிம்சை என்ற பெயர் பொருந்தாது. பாதிக்கப்பட்ட தரப்பு செய்யும் கொலையைக் கண்டும் காணாமல் இருக்கும் பழக்கத்தால் என்ன நேரும் என்பதை ஈழத்தின் வரலாறு நமக்கு நெருக்கமாகவே காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு நாள் கொடுமை அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆக்கிரமிப்பைச் சட்டப்படி சரியாக்கிவிடாது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் இருப்பு சட்டவிரோதம் என்றது. அதைத் தொடரச் செய்யும் உதவி எதையும் பிற நாடுகள் தரக் கூடாது என்றும் சேர்த்தது. இந்தக் கடைசிப் பகுதி நமக்கானது. இஸ்ரேலுக்கு இந்திய நிறுவனங்கள் ஆயுதம் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கக் கேட்ட மனுவை, இது வெளியுறவுக் கொள்கை சார்ந்தது, நாங்கள் நுழைய முடியாது என்று சொல்லி 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசும் அசையவில்லை, நீதிமன்றக் கதவும் மூடியிருக்கிறது என்றால் மிஞ்சுவது சரக்கைத் தொடும் கைகள்தான்.

அந்தக் கைகள் சும்மா இருந்ததில்லை. 1945 ஆகஸ்டில் இந்தோனேசியா விடுதலை அறிவித்தபோது, அதை மீண்டும் பிடிக்கப் புறப்பட்ட டச்சுக் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்றன. இந்தோனேசிய மாலுமிகள் முதலில் இறங்கிப்போனார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கைத் தொட மறுத்தார்கள். அவர்களோடு சீன மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் சேர்ந்து நின்றார்கள். தங்கள் நாடே இன்னும் விடுதலை பெறாத நேரத்தில் இன்னொரு நாட்டின் விடுதலைக்காகக் கூலியை இழந்த அந்த இந்தியர்களைப் பற்றி நம் பாடநூல்களில் நான் ஒரு வரியும் பார்த்ததில்லை. ஆவணப்பட இயக்குநர் யோரிஸ் ஈவன்ஸ் 1946இல் அந்தப் போராட்டத்தைப் படமாக எடுத்துவைத்தார் என்பது ஒரு ஆறுதல். 1984இல் சான் பிரான்சிஸ்கோ தொழிலாளர்கள் நிறவெறி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சரக்கைப் பதினோரு நாள் இறக்க மறுத்தார்கள். அந்த மரபில்தான், 11 துறைமுகங்களில் 3,500 உறுப்பினர்களைக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, 2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம் இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. அதன் பிறகும் மரியான் டானிகா போன்ற ஒரு கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியிருக்கிறது என்பது கசப்பான உண்மை. பூட்டி முத்திரை வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று அதைத் தூக்கும் கிரேன் ஓட்டுநருக்கு யாரும் சொல்வதில்லை. மறுக்கும் உரிமைக்கு முன்னால் அறியும் உரிமை வேண்டும். இதே சிக்கல்தான் தரமணியிலும் வருகிறது.

தரமணிக்கும் போர் எதிர்ப்புக்கும் இருக்கும் உறவு சற்றே பழையது. அதன் வேர் தியாகராய நகரின் பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜியிடம் தொடங்குகிறது என்று நான் கருதுகிறேன். 1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னவர் அவர். எதிரி நிறுத்தட்டும் என்று காத்திருக்காமல் ஒரு தரப்பு முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானது. அதை ராஜாஜி கொண்டுவந்தார் என்று சொல்வது மிகை. கியூபா நெருக்கடியின் அச்சம் அதைக் கொண்டுவந்தது. அந்த அச்சத்துக்கு வழிகாட்டும் வாதங்கள் முன்கூட்டியே தயாராக இருந்தன. அவற்றைத் தயார் செய்தவர்களில் பக்வாஷ் என்ற அறிவியலாளர் இயக்கம் முக்கியமானது. அதன் முகமான ஜோசஃப் ராட்பிளாட், ஜெர்மனியிடம் அணுகுண்டு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் 1944 இறுதியில் அமெரிக்காவின் குண்டுத் திட்டத்திலிருந்து வெளியேறிய இயற்பியலாளர். அதன் முதல் மாநாடு புதுதில்லியில் நடந்திருக்க வேண்டியது. சூயஸ் நெருக்கடியால் தடைபட்டு, 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் என்ற மீனவ ஊருக்குப் போய், அந்த ஊரின் பெயரே இயக்கத்துக்கு நிலைத்தது. 1976 ஜனவரியில் அதன் மாநாடு சென்னையில் கூடியது. 1995இல் ராட்பிளாட்டுக்கும் பக்வாஷுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2002 முதல் 2007 வரை பக்வாஷின் தலைவராக இருந்தவர், தரமணியில் தன் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திய எம்.எஸ். சுவாமிநாதன். ஹிரோஷிமா அழிந்த 60ஆம் ஆண்டில் அந்த நகரத்திலேயே பக்வாஷ் மாநாடு கூடியது அவர் தலைமைக் காலத்தில்தான்.

அதே தரமணியில், சற்றுத் தள்ளி, கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. இன்று அதன் செலவின் பெரும்பகுதியைத் தருவது மத்திய அரசின் அணுசக்தித் துறை. 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் குண்டு வெடித்தபோது நாடு முழுவதும் இனிப்பு வழங்கப்பட்டது. அந்த நேரத்தில், குண்டு செய்த துறையின் நிதியிலேயே நடக்கும் இந்த நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சிலர் சோதனையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். தேசத் துரோகம் என்ற வசை அப்போது மலிவாகக் கிடைத்தது. அவர்கள் வாதம் எளிமையானது: அணுகுண்டு பாதுகாப்பைத் தராது, போட்டியைத் தரும். மே 28 அன்றே பாகிஸ்தான் சாகாயில் பதில் சொன்னது. அடுத்த கோடையில் கார்கிலில் போர் மூண்டு, அரசுக் கணக்குப்படி 527 இந்திய வீரர்கள் மடிந்தார்கள். குண்டு வந்த பின் போரே வராது என்று சொன்னவர்கள் அந்தக் கணக்குக்குப் பதில் சொன்னதில்லை. 2025 மே மாதம் இரு அணு ஆயுத நாடுகளும் நான்கு நாள் ஏவுகணைகளாலும் டிரோன்களாலும் தாக்கிக்கொண்டன. நாட்டின் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பவருக்கு இந்த இடத்தில் நேராகவே பதில் சொல்ல வேண்டும். எல்லையில் நிற்கும் வீரருக்குக் கவச உடை செய்வதையும், இன்னொரு நாட்டின் ஆக்கிரமிப்புக்கு வெடிபொருள் விற்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதலாவதைச் செய்ய மறுப்பவர் உண்டு. அவர் நிலையை மதிக்கிறேன், ஆனால் எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க மாட்டேன். இரண்டாவதை மறுக்க நாட்டுப்பற்றைத் துறக்க வேண்டியதில்லை.

இன்றைய தரமணி அறிவியலாளர்களின் ஊர் மட்டும் இல்லை. 2000இல் டைடல் பூங்கா திறந்த பிறகு, ராஜீவ் காந்தி சாலை நெடுக, உலகின் பெரிய நிறுவனங்களுக்காக நிரல் எழுதும் பெரும் உழைப்பாளர் கூட்டம் இங்கே உருவாகியிருக்கிறது. ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா இங்கே. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019இல் தொடங்கப்பட்டபோது குறிக்கப்பட்ட ஐந்து முனைகளில் சென்னையும் ஒன்று. இன்றைய ஆக்கிரமிப்பு முள்வேலியால் மட்டும் நடப்பதில்லை. தொலைபேசி உரையாடல்களைச் சேர்த்து வைக்கும் கிடங்குகளாலும், முகங்களை அடையாளம் காணும் நிரல்களாலும் நடக்கிறது. 2014 செப்டம்பரில் இஸ்ரேலின் 8200 என்ற மின்னணு உளவுப் பிரிவைச் சேர்ந்த 43 சேமப்படையினர், பாலஸ்தீனர்களின் அந்தரங்கத்தை ஒற்றறிந்து மிரட்டப் பயன்படுத்தும் வேலையைச் செய்ய மாட்டோம் என்று கடிதம் எழுதினார்கள். 2018இல் கூகுள் ஊழியர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், டிரோன் படங்களை அலசும் அமெரிக்க ராணுவத் திட்டத்திலிருந்து வெளியேறும்படி கேட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் 50ஆம் ஆண்டு விழாவில் எழுந்து குரல் கொடுத்த இரண்டு பெண் பொறியாளர்களுக்கு வேலை போனது. பாலஸ்தீனர்களின் தொலைபேசி அழைப்புகளை 8200 பிரிவு அந்நிறுவனத்தின் மேகக் கணிமையில் சேர்த்து வைத்திருந்தது ஆகஸ்டில் நாளிதழ் வழியே வெளியானது. செப்டம்பரில், இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குச் சில சேவைகளை நிறுத்துவதாக நிறுவனம் சொன்னது. செய்தியாளர்களின் பங்கு இதில் பெரியது என்பது உண்மை. உள்ளேயிருந்து எழுந்த குரல்கள் இல்லாமல் அந்தச் செய்திக்கு அந்த வேகம் வந்திருக்காது என்பதும் உண்மை.

நான் செய்யாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் செய்யப்போகிறார், பிறகு என் மறுப்பால் என்ன பயன் என்பது இங்கே எழும் மிக வலுவான எதிர்ப்பு. ராட்பிளாட் போன பிறகும் குண்டு செய்யப்பட்டது, ஹிரோஷிமா எரிந்தது. தனி மனிதரின் மறுப்பு ஒரு போரை அப்படியே நிறுத்தும் என்று நான் சொல்லப்போவதில்லை. மறுப்பு விலையை ஏற்றும், தாமதப்படுத்தும், ரகசியத்தை உடைக்கும். கார்த்தஹேனாவில் இடம் கிடைக்காத கப்பல் வேறு வழி தேட வேண்டும். அடுத்த முறை காப்பீட்டாளரும் கப்பல் உரிமையாளரும் யோசிப்பார்கள். 2025 ஜூனில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத் தொழிலாளர்கள் இஸ்ரேலுக்கான துப்பாக்கி உதிரிப் பாகங்களை ஏற்ற மறுத்தபோது அந்தப் பெட்டிகள் கரையிலேயே தங்கின. தேவைப்படும் உழைப்பு எவ்வளவு அரிதானதோ, மறுப்பின் எடை அவ்வளவு கூடும். சரக்கு ஏற்றும் வேலைக்கு மாற்றாள் கிடைப்பதைவிட, ஒரு சிக்கலான நிரலின் உள்வழிகள் தெரிந்த பொறியாளருக்கு மாற்றாள் கிடைப்பது கடினம். இருந்தும் துறைமுகத் தொழிலாளர் துணிந்து அறிவித்ததைத் தரமணிப் பொறியாளர் வாயால் சொல்லவும் தயங்குகிறார் என்றால், காரணம் கோழைத்தனம் இல்லை. வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள், வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் ஒரே மின்னஞ்சலில் வரும். துறைமுகத் தொழிலாளரின் பின்னால் பல பத்தாண்டுச் சங்கம் இருக்கிறது. இவர் தனியாள்.

ஆனால் சங்கத்தின் விதை போர் எதிர்ப்பிலிருந்தே இங்கே விழுந்திருக்கிறது. ஈழப் போர் உச்சத்தில் இருந்த 2008, 2009 ஆண்டுகளில் சென்னையின் ஐ.டி. ஊழியர்கள் சிலர் சேவ் தமிழ்ஸ் என்ற பெயரில் ஒன்றுகூடிப் போரை நிறுத்தக் கோரினார்கள். அரசியலே பேசாத வர்க்கம் என்று கருதப்பட்டவர்கள் அவர்கள். போரை அவர்களால் நிறுத்த முடியவில்லை. 2009 மே மாதம் அது முள்ளிவாய்க்காலில் முடிந்தது. ஆனால் கூடியவர்கள் கலைந்துவிடவில்லை. 2014 இறுதியில் இந்தத் துறையில் பெரிய ஆட்குறைப்புப் பேச்சு எழுந்தபோது, அந்தத் தொடர்ச்சியிலிருந்துதான் ஐ.டி. ஊழியர்களுக்கான மன்றம் முன்வந்தது. தொழிற்தகராறுச் சட்டம் ஐ.டி. துறைக்கும் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. இதுவரை இத்துறையின் சங்கங்கள் பேசியதெல்லாம் ஆட்குறைப்பு, நோட்டீஸ் காலம், வேலை நேரம் பற்றி. அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு கோரிக்கைகளைச் சேர்க்க இடமிருக்கிறது: தான் எழுதும் நிரல் இறுதியில் யாருக்குப் போகிறது என்று கேட்டு அறியும் உரிமை, ராணுவ ஆக்கிரமிப்புக்கு உதவும் பணியிலிருந்து பதவி உயர்வோ சம்பளமோ பாதிக்கப்படாமல் வேறு திட்டத்துக்கு மாறும் உரிமை. இது கேள்விப்படாத புதுமை இல்லை. ஆயுதம் ஏந்த மறுக்கும் குடிமகனின் உரிமையை ஜெர்மனியின் அரசியல் சட்டம் 1949 முதல் ஏற்றிருக்கிறது. ஜப்பானின் அறிவியல் மன்றம் போருக்கான ஆய்வு செய்ய மாட்டோம் என்று 1950இலும் 1967இலும் அறிவித்து, 2017இல் அதை மீண்டும் உறுதி செய்தது.

நிறுவனங்களே நல்ல கொள்கையை அறிவித்துவிட்டால் போதாதா, சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2018 போராட்டத்துக்குப் பிறகு கூகுள், ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்று தன் கொள்கையில் எழுதி வைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அது நிறுவனம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வாக்கு. அதே வாசகம் ஊழியர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், அதை அடித்து எழுத எதிர்த்தரப்பின் கையெழுத்தும் தேவைப்பட்டிருக்கும்.